சுவிசேஷப் பாடலாசிரியர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொயர் நடத்துபவர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் 1860 முதல் 1915 வரை அமெரிக்காவில் எழுதிய புரொட்டஸ்டண்ட் பாடலாசிரியர்களைப் பற்றியவை. பாட்டுகளைப் பலரும் ஆங்கிலத் தலைப்பிலேயே தேடுவதால் இங்கும் அப்படியே குறித்திருக்கிறோம்.

பாமாலையில் இருக்கும் எல்லாப் பாட்டும் ‘கோஸ்பல்’ (சுவிசேஷ) பாட்டுதானா?

இல்லை. ஜெர்மன் கோரல்கள் (சபையார் பாடும் பழைய லூத்தரன் பாட்டுகள்), ஐசக் வாட்ஸ், சார்ல்ஸ் வெஸ்லி போன்றோரின் ஆங்கில ஞானப்பாட்டுகள், அமெரிக்க சுவிசேஷப் பாட்டுகள் எல்லாம் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ‘பிளவுண்ட மலையே’ 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த டாப்ளடியின் பாட்டு. ‘இயேசுவின் கைகள் காக்க’ 1868இல் நியூயார்க்கில் எழுதப்பட்டது. இரண்டாவதுதான் கோஸ்பல் வகை.

‘நான்’, ‘என்’ என்று வந்தால் கோஸ்பல் என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. டாப்ளடியும் ‘எனக்காக’ என்றுதான் எழுதினார். கோரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் அதே வரிகள் அதே மெட்டில் வந்து, முதல்முறை கேட்பவரும் இரண்டாம் சுற்றிலேயே சேர்ந்து பாட முடிந்தால் பெரும்பாலும் அது கோஸ்பல் பாட்டு. கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எளியவை: மூன்று கார்டுகளுக்குள் பாதிப் பாட்டு முடிந்துவிடும், ஒரே கார்டில் முழு பாரும் (தாளத்தின் ஒரு சுற்று) நிற்கும். புத்தகம் இல்லாத பெருங்கூட்டத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இந்த எளிமை.

பழைய பாட்டைக் கோஸ்பல் பாட்டாக மாற்றியும் இருக்கிறார்கள். வாட்ஸ் 1707இல் வெளியிட்ட ஒரு பாட்டை எடுத்து, 1867இல் ராபர்ட் லவுரி புது மெட்டும் புது கோரஸும் சேர்த்தார். ‘மார்ச்சிங் டு சயன்’ என்று இன்று பாடுவது அதுதான். ‘ஜீசஸ் லவ்ஸ் மீ’ பாட்டின் சரணங்கள் ஆனா வார்னர் 1860இல் ஒரு நாவலுக்காக எழுதியவை. குழந்தைகள் உரக்கப் பாடும் ‘யெஸ், ஜீசஸ் லவ்ஸ் மீ’ கோரஸ், 1862இல் மெட்டமைத்த வில்லியம் பிராட்பரி சேர்த்தது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பிலிப் பிளிஸ் 1874இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘கோஸ்பல் சாங்ஸ்’. அடுத்த ஆண்டு அவரும் ஐரா சாங்கியும் சேர்ந்து ‘கோஸ்பல் ஹிம்ஸ் அண்ட் சேக்ரட் சாங்ஸ்’ வெளியிட்டார்கள். அது 1891க்குள் ஆறு பாகமாக வளர்ந்தது. 1894இல் ஆறையும் சேர்த்து ஒரே புத்தகமாக்கியபோது 739 பாட்டுகள். பெயர் அதோடு நிலைத்தது.

வார்த்தை ஒருவர், மெட்டு இன்னொருவர். யார் முதலில் வேலை செய்தார்கள்?

மூன்று விதமாகவும் நடந்திருக்கிறது. மெட்டமைப்பாளர் தலைப்பைக் கொடுத்து வார்த்தை கேட்பார். பாடலாசிரியை ஃபேனி கிராஸ்பியின் ‘ரெஸ்க்யூ த பெரிஷிங்’ வில்லியம் டோன் கொடுத்த தலைப்பில் வந்தது. அல்லது மெட்டு முதலில் வரும்: 1873இல் ஃபீபி நாப் தன் மெட்டை வாசித்துக் காட்ட, அதற்கு கிராஸ்பி ‘ப்ளெஸ்ஸட் அஷூரன்ஸ்’ எழுதினார். அல்லது கவிதை முதலில் வரும். ஆனி ஹாக்ஸ் 1872இல் எழுதிய ‘ஐ நீட் தீ எவ்ரி அவர்’ கவிதையைத் தன் சபைப் போதகரான லவுரியிடம் கொடுத்தார். அவர் மெட்டு போட்டு, கோரஸையும் தானே எழுதினார்.

மெட்டு முதலா, வார்த்தை முதலா என்பது பாடும்போதே தெரியும். ‘ப்ளெஸ்ஸட் அஷூரன்ஸ்’ பாட்டின் அசைக் கணக்கு, வரிக்கு வரி, 9.10.9.9. சும்மா உட்கார்ந்து கவிதை எழுதுபவர் யாரும் இந்த அளவைத் தேர்ந்தெடுக்க மாட்டார். ‘பாஸ் மீ நாட்’ 8.5.8.5. பொதுவான 8.6.8.6 அளவிலிருந்து ஓர் அசை குறைந்து, ஒவ்வொரு இரண்டாம் வரியும் சட்டென்று நிற்கிறது. கெஞ்சுகிறவர் மூச்சு வாங்குவது போல ஒரு விளைவு.

ஃபேனி கிராஸ்பி பிறவியிலேயே பார்வையற்றவரா?

1820 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் பட்னம் மாவட்டத்தில் பிறந்தார். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது கண்ணில் அழற்சி வந்தது; வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் சூடான கடுகுப் பற்றுப் போட்டதால் பார்வை போனது என்று கிராஸ்பியும் குடும்பமும் சொன்னார்கள். பிறவிக் குறைபாடாகவே இருந்திருக்கலாம், பெற்றோர் அந்தச் சமயத்தில்தான் கவனித்திருப்பார்கள் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதினர். பிரசங்கத்தில் சொல்பவர்கள் ‘குடும்பம் சொன்னபடி’ என்று சேர்த்துக்கொண்டால் தவறாகாது.

சிறுமியாக இருக்கும்போதே ஐந்தாகமங்களையும் நான்கு சுவிசேஷங்களையும் நீதிமொழிகளையும் மனப்பாடம் செய்திருந்தார். 1835இல் நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். 1847 முதல் 1858 வரை அங்கேயே ஆசிரியை. பார்வையற்ற இசைக்கலைஞரான அலெக்சாண்டர் வான் ஆல்ஸ்டைனை 1858இல் மணந்தார். பிறந்த ஒரே குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஞானப்பாட்டுக்கு முன் அவர் எழுதியவை நாட்டுப்பாங்கான மேடைப் பாட்டுகள். ஜார்ஜ் ரூட்டின் மெட்டில் வந்த ‘ரோசலி, த ப்ரெய்ரி ஃப்ளவர்’ 1850களில் அமெரிக்கா முழுவதும் பிரபலம். அந்தப் பழக்கம் கை கொடுத்தது. ஒரே கேட்பில் மனதில் ஒட்டும் வரியை எப்படி அமைப்பது என்பதை அவர் ஆலயத்துக்கு வெளியேதான் கற்றார். முதல் ஞானப்பாட்டை பிராட்பரிக்காக எழுதியபோது அவருக்கு வயது 43, 1864 பிப்ரவரி.

8,000 பாட்டு எழுதினார் என்பது நம்பக்கூடியதா?

நம்பலாம். பதிப்பகத்தோடு வாரத்துக்கு மூன்று பாட்டு என்ற ஏற்பாடு இருந்தது. 50 ஆண்டுகள் எழுதினார். மனதிலேயே இயற்றி, மனதிலேயே திருத்தி, பிறகு யாரையாவது எழுதச் சொல்வார். பல பாட்டுகளை ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருந்து வரிசையாகச் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு.

ஆனால் எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெரும்பகுதி அந்த ஆண்டு ஞாயிறு பள்ளிப் புத்தகத்தை நிரப்புவதற்கு எழுதப்பட்டு, அடுத்த பதிப்பிலேயே காணாமல் போனவை. இன்றும் சபைகளில் புழங்குபவை இருபது, முப்பதுக்குள் அடங்கும்.

கணக்கெடுப்பதில் உள்ள சிக்கல் புனைபெயர்கள். ஒரே புத்தகத்தில் பாதிப் பாட்டுக்கு மேல் ஒரே பெயர் வந்தால் நன்றாக இருக்காது என்பதால் பதிப்பாளர்கள் விதவிதமான பெயர்களைப் போட்டார்கள். கிரேஸ் ஜே. ஃபிரான்சஸ், ஜூலியா ஸ்டெர்லிங், எல்லா டேல், லிஸி எட்வர்ட்ஸ், ஹென்ரியட்டா பிளேர், சார்ல்ஸ் புரூஸ் எல்லாம் அவரே. சில இடங்களில் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி மட்டும். திருமணப் பெயரான மிசஸ் வான் ஆல்ஸ்டைன் என்றும் இருக்கும். பழைய புத்தகத்தில் கேள்விப்படாத பெண் பெயர் ஒன்று டோன் அல்லது லவுரியின் மெட்டுக்கு மேலே இருந்தால், முதலில் கிராஸ்பியின் புனைபெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.

இவ்வளவு எழுதியவர் பணக்காரராக இருந்திருக்க வேண்டுமே?

ஒரு பாட்டுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர். அதோடு சரி. உரிமை பதிப்பகத்துக்கோ மெட்டமைப்பாளருக்கோ போய்விடும். கிராஸ்பி மன்ஹாட்டனின் ஏழைப் பகுதிகளில் வாடகைக்குக் குடியிருந்தார். பௌவரி போன்ற இடங்களின் மிஷன் இல்லங்களில் ஊழியம் செய்தார். கையில் வந்ததைக் கொடுத்தும்விடுவார். இதில் பதிப்பகத்தைத் திட்டுபவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் மேடைப் பாட்டு எழுதியவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆனாலும் அவருடைய பாட்டுகளால் விற்ற புத்தகங்களின் அளவோடு வைத்துப் பார்த்தால், அந்த ஒரு டாலர் நியாயமான கூலி என்று சொல்ல முடியாது.

டோனின் கதை வேறு. அவர் சின்சினாட்டியில் மரவேலை இயந்திரங்கள் செய்யும் ஜே. ஏ. ஃபே நிறுவனத்தின் தலைவர். எழுபதுக்கும் மேற்பட்ட காப்புரிமங்கள் பெற்றவர். மெட்டமைத்தது ஓய்வு நேரத்தில். ஃபீபி நாப்பின் கணவர் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். சாங்கியும், அவர் பாடிய கூட்டங்களின் பிரசங்கியாரான மூடியும் தங்கள் புத்தக ராயல்டியை அறங்காவலர்களிடம் விட்டு, ஆலயம் கட்டவும் பள்ளிகள் நடத்தவும் செலவிட்டார்கள். பிளிஸ்ஸும் தன் பங்கை ஊழியத்துக்கே விட்டுக்கொடுத்தார்.

‘இட் இஸ் வெல்’ கடலில், மகள்கள் மூழ்கிய அதே இடத்தில் எழுதப்பட்டதா?

எங்களுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். உறுதியானவை இவை. இதை எழுதிய ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு சிகாகோ வழக்கறிஞர். 1873 நவம்பர் 22 அன்று அவருடைய மனைவி ஆனாவும் நான்கு மகள்களும் பயணம் செய்த ‘வில் டு ஆவ்ரே’ கப்பல், ‘லாக் எர்ன்’ என்ற பாய்மரக் கப்பலோடு மோதி மூழ்கியது. 226 பேர் இறந்தார்கள். நான்கு மகள்களும் போனார்கள். பிழைத்த ஆனா, கார்டிஃபிலிருந்து ‘நான் மட்டும் தப்பினேன்’ என்று தந்தி கொடுத்தார். மனைவியை அழைத்து வர ஸ்பாஃபோர்டு கப்பலேறினார்.

பாட்டு எப்போது பிறந்தது என்பதில்தான் இரண்டு சாட்சியங்கள். கப்பலிலேயே எழுதினார் என்பது பின்னாளில் பிறந்த மகள் பெர்த்தா சொன்னது. 1876இல் தான் சிகாகோவில் அவர்கள் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தபோது எழுதினார் என்பது சாங்கி சொன்னது. கிடைத்திருக்கும் கையெழுத்துப் படி சிகாகோவின் பிரெவோர்ட் ஹவுஸ் ஓட்டலின் தாளில் இருக்கிறது. பாட்டு அச்சானதும் 1876இல்தான். கடலில் முதல் வரிகள் மனதில் தோன்றியிருக்கலாம் என்பதை யாரும் மறுக்க முடியாது; ஆனால் தாளும் அச்சும் சிகாகோவையே காட்டுகின்றன. அந்தக் கையெழுத்துப் படியில் ஒரு வரி ‘அறியக் கற்றுத்தந்தீர்’ என்ற பொருளில் இருக்கிறது. பிறகுதான் அது ‘சொல்லக் கற்றுத்தந்தீர்’ என்று மாறியது.

இன்னொரு பிழையும் பரவலாக இருக்கிறது: கப்பல் விபத்துக்கு முன்பே அவருடைய மகன் இறந்துவிட்டான் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். மகன் இறந்தது 1880இல், செங்காய்ச்சலில். அதற்கு அடுத்த ஆண்டு குடும்பம் எருசலேமுக்குப் போய் ‘அமெரிக்கன் காலனி’ என்ற குழுவாழ்க்கையைத் தொடங்கியது. ஸ்பாஃபோர்டு 1888இல் அங்கேயே மலேரியாவில் இறந்தார்.

மெட்டு போட்ட பிளிஸ்ஸும் விபத்தில் இறந்தவர்தானே?

ஆம். ‘இட் இஸ் வெல்’ மெட்டுக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார். அந்தப் பாட்டு அச்சான அதே 1876ஆம் ஆண்டு, டிசம்பர் 29 இரவு, ஒஹாயோ மாநிலம் ஆஷ்டபுலாவில் ரயில் பாலம் பனிப்புயலில் இடிந்து விழுந்தது. பிளிஸ்ஸுக்கு 38 வயது. மனைவி லூசியும் உடன் இறந்தார். ஏறத்தாழ 90 பேர் பலி. எரிந்துபோன பெட்டிகளில் இருவரின் உடலையும் அடையாளம் காண முடியவில்லை. சன்னல் வழியாக வெளியேறியவர் மனைவிக்காகத் திரும்பிப் போனார் என்பது ஒரே ஒரு பயணியின் சாட்சியத்தில் நிற்கும் கதை. அவருடைய பயணப் பெட்டியில் கிடைத்த ‘ஐ வில் சிங் ஆஃப் மை ரிடீமர்’ வரிகளுக்கு ஜேம்ஸ் மக்கிரானஹன் மெட்டமைத்தார்.

பிளிஸ் வார்த்தை, மெட்டு இரண்டையும் தானே செய்தவர். ‘ஹோல்ட் த ஃபோர்ட்’ (1870), ‘ஆல்மோஸ்ட் பர்சுவேடட்’, ‘வொண்டர்ஃபுல் வேர்ட்ஸ் ஆஃப் லைஃப்’ எல்லாம் முழுக்க அவருடையவை. பிரசங்கியார் சொன்ன ஓர் உவமையைப் பிடித்து அன்றே பாட்டாக்குவது அவருக்குக் கைவந்த வேலை. ‘ஹோல்ட் த ஃபோர்ட்’ உள்நாட்டுப் போரில் 1864 அக்டோபரில் அலட்டூனா கணவாயில் நடந்த சண்டையைப் பற்றி மேஜர் விட்டில் சொல்லக் கேட்டு எழுதியது.

சாங்கி பாடகரா, பாடலாசிரியரா?

முதலில் பாடகர். மூடியின் கூட்டங்களில் சிறிய ரீட் ஆர்கனில் உட்கார்ந்து, தானே வாசித்துத் தானே பாடுவார். 1873இல் இங்கிலாந்தில் சில பக்கங்களோடு தொடங்கிய அவருடைய ‘சேக்ரட் சாங்ஸ் அண்ட் சோலோஸ்’ கடைசியில் 1,200 பாட்டுகளாக வளர்ந்தது. பழைய ஆலய அலமாரிகளில் இன்றும் அந்தத் தடித்த புத்தகம் கிடைக்கும்.

மெட்டமைப்பாளராக அவர் பெயர் சொல்வது ‘த நைன்ட்டி அண்ட் நைன்’. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோ போகும் ரயிலில் வாங்கிய செய்தித்தாளில் எலிசபெத் கிளெஃபேனின் கவிதையைப் பார்த்துக் கத்தரித்து வைத்தார். 1874இல் எடின்பரோவில் மூடி நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேசி முடித்ததும் பொருத்தமான பாட்டு கேட்டார். அந்தத் துண்டை ஆர்கன் மேல் வைத்து, மெட்டை அந்த இடத்திலேயே பாடிக்கொண்டே போனார் சாங்கி. கிளெஃபேன் 1869இலேயே இறந்துவிட்டார். தன் கவிதை பாட்டானது அவருக்குத் தெரியாது.

இந்தக் கதைகளை எவ்வளவு நம்பலாம்?

மேலே சொன்ன எடின்பரோ சம்பவம் உட்பட, பிரசங்கங்களில் புழங்கும் கதைகளில் பெரும்பங்கு சாங்கியின் தன்வரலாற்றுப் புத்தகத்திலிருந்து வந்தவை. அந்தப் புத்தகத்தின் முதல் கையெழுத்துப் படி பேட்டில் கிரீக் சானடோரியம் தீ விபத்தில் எரிந்துபோனது. அதற்குப் பின் சாங்கியின் பார்வையும் போய்விட்டது. இன்று நம் கையில் இருப்பது அவர் நினைவிலிருந்து மறுபடி சொல்லி எழுதவைத்தது. முப்பது ஆண்டு பழைய நிகழ்ச்சிகளில் மாதமும் ஊரும் இடம் மாறியிருந்தால் வியப்பில்லை. கிராஸ்பியும் தன் பாட்டுகளின் கதைகளை எண்பது வயதுக்கு மேல்தான் அதிகம் சொன்னார்.

சரிபார்க்க நாங்கள் பின்பற்றும் வரிசை: முதலில் பாட்டு முதன்முதலில் அச்சான ஆண்டைக் கண்டுபிடியுங்கள். ஹிம்னரி (Hymnary.org) இணையதளத்தில் முதல் வரியைத் தட்டினால் எந்தெந்தப் புத்தகத்தில் வந்தது என்று ஆண்டுவாரியாகக் காட்டும். பழைய பக்கங்களின் படமும் இருக்கும். அடுத்து, கதையை முதலில் சொன்னவர் யார், எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார் என்று பாருங்கள். மூன்றாவது, கதையில் வரும் இறப்பு, விபத்து, பயணம் ஆகியவற்றின் தேதி அச்சு ஆண்டுக்கு முன்னா, பின்னா? பாதிக் கட்டுக்கதைகள் இந்த மூன்றாவது படியிலேயே உதிர்ந்துவிடும். ஸ்பாஃபோர்டின் மகன் விஷயம் அப்படித்தான்.

‘பாவ சஞ்சலத்தை நீக்க’ எழுதியவர் யார்?

தமிழ் வடிவத்துக்கு மூலம் ‘வாட் எ ஃபிரெண்ட் வீ ஹேவ் இன் ஜீசஸ்’. எழுதியவர் ஜோசப் ஸ்கிரிவன். 1819இல் அயர்லாந்தில் பிறந்து கனடாவின் ஒன்டாரியோவில் குடியேறியவர். அயர்லாந்தில் நிச்சயிக்கப்பட்ட பெண் திருமணத்துக்கு முன் நீரில் மூழ்கி இறந்தார். கனடாவில் மணக்கவிருந்த இன்னொரு பெண் 1860இல் நோயில் இறந்தார். பாட்டு 1855 வாக்கில், தொலைவில் இருந்த தாயின் ஆறுதலுக்காக எழுதப்பட்டது என்பார்கள். அப்படியானால் இரண்டாவது இறப்புக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை. பெயர் போடாமல் வெளியானதால் சில புத்தகங்கள் ஹொரேஷியஸ் போனர் எழுதியதாகப் போட்டன. மெட்டு 1868இல் சார்ல்ஸ் கான்வர்ஸ் அமைத்தது, ஸ்பாஃபோர்டைப் போல அவரும் வழக்கறிஞர். ஸ்கிரிவன் 1886இல் நீரில் மூழ்கி இறந்தார்.

‘அமேசிங் கிரேஸ்’ இந்த வகையில் சேருமா?

சேராது. ஜான் நியூட்டன் 1773 புத்தாண்டு ஆராதனைக்கு எழுதியது, 1779இல் அச்சானது. இன்றைய மெட்டு அமெரிக்காவில் 1835இல்தான் அந்த வார்த்தைகளோடு சேர்ந்தது. கடலோடியான நியூட்டன், புயலில் தப்பியவுடன் அடிமை வாணிபத்தை விட்டார் என்பதும் தவறு: புயல் 1748, அவர் கடல் தொழிலை விட்டது 1754. ‘பத்தாயிரம் ஆண்டுகள்’ என்று தொடங்கும் கடைசிச் சரணம் நியூட்டனுடையது அல்ல. அதை இன்றைய இடத்தில் நிலைநிறுத்தியவர் எட்வின் எக்ஸல் என்ற கோஸ்பல் பதிப்பாளர். அந்த அளவுக்கு மட்டும் உறவு உண்டு.

‘டு காட் பி த குளோரி’ புதுப் பாட்டா? அமெரிக்கப் பழைய புத்தகங்களில் கிடைப்பதில்லையே?

1875இல் அச்சான கிராஸ்பி–டோன் பாட்டு. அமெரிக்காவில் எடுபடவில்லை, சாங்கியின் புத்தகம் வழியாக இங்கிலாந்தில் தங்கியது. 1954இல் லண்டன் ஹாரிங்கேயில் நடந்த பில்லி கிரஹாம் கூட்டங்களில் பாடப்பட்டு, அங்கிருந்து தாய்நாடு திரும்பியது.

இந்தப் பாட்டுகளை யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாமா? யூடியூபில் போடலாமா?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். வார்த்தை, மெட்டு இருவரில் கடைசியாக இறந்தவரைப் பாருங்கள். கிராஸ்பி, டோன் இருவரும் 1915இல் இறந்தவர்கள். பிளிஸ், லவுரி, சாங்கி எல்லோருக்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ‘கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னஸ்’ 1923இல் வந்தது. எழுதிய சிஷோம் 1960இல் இறந்தார், மெட்டமைத்த ரன்யன் அதற்கு முன்பே. அதுவும் இந்தியாவில் விடுபட்டுவிட்டது. ஆனால் ‘ஹௌ கிரேட் தௌ ஆர்ட்’ பழைய பாட்டு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். ஸ்வீடிஷ் மூலம் 1885ஐச் சேர்ந்தது. நாம் பாடும் ஆங்கில வார்த்தைகள் ஸ்டூவர்ட் ஹைன் எழுதியவை, அவர் இறந்தது 1989இல். 2049 முடியும்வரை அனுமதி வேண்டும்.

மூலம் விடுபட்டாலும் மூன்று விஷயங்கள் சிக்கவைக்கும்: தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை, புதிய நான்கு குரல் அமைப்புக்குத் தனி உரிமை, இணையத்தில் எடுத்த கரோக்கி டிராக்குக்குத் தனி உரிமை. யூடியூபில் வரும் உரிமைக் கோரிக்கைகளில் பல இந்த மூன்றாவதால்தான். ஆலயத்திலேயே ஆர்கன் வாசித்துப் பதிவு செய்தால் தொல்லை குறைவு.

தமிழில் புதிதாக மொழிபெயர்க்க எங்கிருந்து தொடங்குவது?

கோரஸிலிருந்து. அது சரியாக வராவிட்டால் சரணங்களில் உழைத்து என்ன பயன்?

முதலில் அசைக் கணக்கு. ‘பா-வ-சஞ்-ச-லத்-தை-நீக்-க’ எட்டு, ‘ப்ரா-ண-நண்-பர்-தான்-உண்-டே’ ஏழு. ஆங்கில மூலத்தின் 8.7 அப்படியே வந்திருக்கிறது, ‘பிராண’ என்பதை இரண்டசையாகப் பாடினால். மூன்றாகப் பிரிப்பவர்கள் அந்த இடத்தில் தடுக்குவார்கள்.

அடுத்து அழுத்தம். பாரின் முதல் அடியில் தமிழ்ச் சொல்லின் முதல் அசை விழ வேண்டும். ‘இட் இஸ் வெல்’ போன்ற பாட்டுகள் பாருக்கு முன்னால் ஒரு தளர்ந்த ஸ்வரத்தில் தொடங்கும். ஆங்கிலத்தில் அங்கே வைக்கச் சின்னச் சொற்கள் நிறைய, தமிழில் குறைவு. ‘என்’, ‘உம்’, ‘நான்’ போன்ற ஓரசைச் சொல்லை வையுங்கள். இரண்டசைச் சொல்லை உடைத்து முதல் அசையை முன்னால் தள்ளினால் சொல் சிதைந்து கேட்கும்.

நீண்டு நிற்கும் ஸ்வரத்தில் நெடில் வர வேண்டும். ‘அன்பு’, ‘எனக்கு’ போன்ற குற்றியலுகரத்தில் முடியும் சொற்களை அங்கே வைத்தால் சபை ‘உஊஊ’ என்று இழுக்கும். பழைய மொழிபெயர்ப்புகளில் வரி முடிவில் ‘உண்டே’, ‘சாருவேன்’ என்று வருவது இந்தக் காரணத்தால்தான். கடைசியாக எதுகை, மோனை. ஆங்கிலத்தின் வரியிறுதி இயைபை மட்டும் காப்பாற்றிவிட்டு மோனையை விட்டால் தமிழ்க் காதுக்கு வெறும் உரைநடையாகவே படும்.

பாடும்போது வழக்கமாக எங்கே கெடுகிறது?

‘ப்ளெஸ்ஸட் அஷூரன்ஸ்’ 9/8 தாளம். ஒரு பாருக்கு மூன்று பெரிய அடி, ஒவ்வொன்றிலும் மூன்று துடிப்பு. கீபோர்டில் 6/8 ரிதம் போட்டால் அதன் பார் இரண்டடியில் முடிந்துவிடும். அடுத்த பாரின் தொடக்கம் ரிதத்தின் நடுவில் விழும். வால்ட்ஸ் ரிதம் போட்டு, அதன் ஒரு முழு பாரைப் பாட்டின் ஒரு பெரிய அடியாகக் கணக்கிட்டு, வேகத்தை 170, 180 பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் ரிதத்தை அணைத்துவிடுவது நல்லது. கை காட்டுபவர் மூன்று காட்டட்டும், ஒன்பது வேண்டாம்.

‘இட் இஸ் வெல்’ கோரஸில் ஆண் குரல்களுக்கு எதிரொலி இருக்கிறது. சபை முழுவதும் இரண்டையும் பாடினால் மூச்சு விட இடமே இருக்காது. கடைசி வரியில் சுருதி இறங்கிவிடும். பெண்கள் முதலில், ஆண்கள் எதிரொலி, இறுதி வரியில் மட்டும் எல்லோரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டி பிளாட் சுருதியில் அச்சான பிரதியை வைத்திருப்பவர்கள் சி-க்கு இறக்கினால் காலை ஆராதனையில் தொண்டை ஒத்துழைக்கும்.

லவுரியின் ‘கிரைஸ்ட் அரோஸ்’ பாட்டில் சரணம் கல்லறை போல மெதுவாக, கோரஸ் துள்ளலாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் பாடுவதுதான் ஈஸ்டர் காலையின் நிரந்தரப் பிழை. கோரஸுக்குமுன் ஒரு முழு அடி மௌனம் விட்டு, ஆர்கன் புதிய வேகத்தில் ஒரு பார் வாசித்த பிறகு சபை சேரட்டும்.

நேரம் போதாது என்று சரணங்களை விடும்போது எண்ணைப் பார்த்து விடாமல் பொருளைப் பார்த்து விடுங்கள். ‘த நைன்ட்டி அண்ட் நைன்’ தொடர்ச்சியான கதை. அதில் நடுவில் ஒன்றை வெட்டினால் ஆடு கிடைப்பதற்கு முன்பே மேய்ப்பன் வீடு திரும்பிவிடுவான்.

கருப்பின மக்களின் கோஸ்பல் இசையும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. பிலடெல்ஃபியாவின் மெதடிஸ்ட் போதகர் சார்ல்ஸ் டிண்ட்லி (1851–1933) இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். சரணம், கோரஸ் அமைப்பைக் கிராஸ்பி காலத்திலிருந்து எடுத்து, தன் மக்களின் துயரத்தை அதில் வைத்தார். அவருக்குப் பின் வந்த தாமஸ் டார்சி ப்ளூஸ் பியானோக்காரர். 1932இல் மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்தபின் அவர் எழுதிய ‘ப்ரெஷஸ் லார்ட்’ ஒரு பழைய ஞானப்பாட்டு மெட்டைத் தழுவியது. டார்சி இறந்தது 1993இல் என்பதால் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய விரும்பும் கொயர்கள் அனுமதி வாங்க வேண்டும்.